லைனில் யார்?

கொழும்புத் தலைமையகத்துக்குப் போக வேண்டிய மாத அறிக்கை அன்றும் பாதி வழியில் அறுந்துபோனது. மோடம் கீச்சிட்டது, இரைந்தது, பிறகு சின்னதொரு சத்தத்தோடு அடங்கிவிட்டது. கணக்குப் பகுதியிலிருந்த விமலேஸ்வரி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஒருவரையும் குறித்துச் சொல்லாமல் கூடத்துக்கே பொதுவாகச் சொன்னார்.

"ஆரோ ரெலிபோனை எடுத்திட்டினம்."

"நான் எடுக்கேல்ல," என்றார் மஸாஹிர். லொறிகளையும் களஞ்சியத்தையும் பார்த்துக்கொள்பவர் அவர். "நான் இந்தக் கதிரையை விட்டு எழும்பவேயில்லை."

"உங்களை நான் சொன்னனானா?"

கூடத்தில் இருந்த ஒற்றை மின்விசிறி யாருடைய பக்கம் திரும்பி நிற்பது என்பதில் போன வெயில் காலத்தில் தொடங்கிய மனக்கசப்பு இன்னும் தீரவில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

வவுனியா வைரவபுளியங்குளத்தில் வாடகை வீடொன்றில் அந்த அலுவலகம் இயங்கியது. இடம்பெயர்ந்த சனங்களுக்குக் கிணறு இறைத்துக் கொடுப்பதும் மலசலகூடம் கட்டிக் கொடுப்பதும் அவர்களுடைய வேலை. இரண்டாயிரத்தோராம் ஆண்டு பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கூடத்தில் மூன்று கணினிகள், பொறுப்பாளர் தில்லைநாதனின் அறையில் ஒன்று. நான்கையும் வயரால் தொடுத்து ஒரே மோடத்தில் மாட்டியிருந்தார்கள். யாராவது மின்னஞ்சல் அனுப்பினால் அந்த மோடம் கொழும்புக்கு டயல் பண்ணும். தொலைபேசிக்கும் அதே லைன்தான். ரிசீவர் ஒன்று கூடத்தில், இன்னொன்று தில்லைநாதனின் மேசையில். எதைத் தூக்கினாலும் மின்னஞ்சல் அறுந்துவிடும்.

தில்லைநாதன் வெளியே வந்து, தரவுகளைப் பதிகிற ஜெயரூபினியின் மேசையருகே நின்றார். மோடம் பூட்டிய கணினி அவளுடையது.

"ரூபினி, நீர் கொம்பியூட்டர் படிச்சனீர்தானே. இதுக்கு ஏதும் செய்யேலாதே?"

"என்ன செய்யிறது சேர்? லைன் ஒண்டுதானே."

"லைன் ஒண்டு எண்டு எனக்கும் தெரியும். ஆர் எப்ப அதில இருக்கினம் எண்டு தெரிஞ்சாலே காணும்."

அவர் போன பிறகும் அந்த வார்த்தை ரூபினியின் மனதுக்குள் கிடந்தது. இருபத்தாறு வயது அவளுக்கு. முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் இறம்பைக்குளத்தில் ஒரு அறையில் வந்து தங்கியவள். கணினி வகுப்பில் படிப்பித்த விசுவல் பேசிக் என்ற கணினி மொழியை அதற்குப் பிறகு எதற்கும் பயன்படுத்தச் சந்தர்ப்பம் வந்ததில்லை. இப்போது வந்திருந்தது. ஆனால் உடனே எழுதத் தொடங்க அவளுக்கு மனம் வரவில்லை. லைன் ஏன் அறுகிறது என்று முதலில் அறிய வேண்டும் போல இருந்தது. எல்லோரும் "நான் எடுக்கேல்ல" என்கிறார்கள். பொய் சொல்லுகிற ஆட்கள் இல்லை. அப்படியென்றால் எப்படி?

அடுத்த நாள் தேநீர்க் கோப்பையோடு, தொலைபேசி தெரிகிற மாதிரி கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தாள். வெகுநேரம் காத்திருக்க வேண்டி வரவில்லை. மஸாஹிர் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தபோது விமலேஸ்வரி தொலைபேசிக்குப் போனார். ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்தார். உள்ளே மோடத்தின் கீச்சொலி கேட்டிருக்க வேண்டும். முகத்தைச் சுளித்துக்கொண்டு மெதுவாக, மிகக் கவனமாக, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

மஸாஹிரின் திரையில் மின்னஞ்சல் நின்றுவிட்டது.

"அக்கா, இப்ப ரெலிபோன் எடுத்தனீங்களா?" என்று ரூபினி கிட்டப் போய்க் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. லைன் இருக்கோ எண்டு எடுத்துப் பாத்தனான். ஆரோ அனுப்பிக்கொண்டிருக்கினம், சத்தம் கேட்டுது. உடனே வைச்சிட்டன்."

ரூபினிக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள்ளேயே ஒரு வியப்பும் வந்தது. லைன் சும்மா இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இருந்த ஒரே வழி ரிசீவரைத் தூக்குவது. தூக்கினால் லைன் அறுந்துவிடும். மற்றவரைக் குழப்பக்கூடாது என்று எண்ணிப் பார்க்கிறவர்தான் குழப்புகிறார். இதை விமலேஸ்வரி மட்டும் செய்யவில்லை என்பது அன்று பின்னேரத்துக்குள் தெரிந்துவிட்டது. மஸாஹிரும் அதையேதான் செய்தார். தூக்கிப் பார்ப்பதை எடுத்தது என்று அந்தக் கூடத்தில் ஒருவரும் கணக்கில் வைக்கவில்லை.

தூக்காமல் பார்க்க ஒரு வழி வேண்டும். அவள் செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

முதலாவதாகச் செய்த பெட்டி அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. திரையின் வலது மூலையில் சின்ன யன்னலாகத் திறக்கும். மோடத்தின் வேகம், வந்த தரவு, போன தரவு, தொடர்பு ஏற்பட்ட நேரம், ஒவ்வொரு கணினிக்கும் உரிய இலக்கம் எல்லாம் அதில் இருந்தன. கீழே ஒரு வட்டம், லைனில் ஆளிருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. நான்கு கணினிகளிலும் போட்டுவிட்டு மூன்று நாள் பார்த்திருந்தாள். ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. விமலேஸ்வரி முன்போலவே எழுந்து போய் ரிசீவரைத் தூக்கினார்.

"மஸாஹிர் நானா, நான் போட்ட பெட்டியைப் பாக்கிறேல்லையே?" என்று அவரை அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்குக் கிட்டக் குனிந்தார். "பாத்தனான் தங்கச்சி. நல்லாத்தான் இருக்கு. இதில நான் எதைப் பாக்க வேணும்?"

அவளும் குனிந்து பார்த்தாள். இத்தனை இலக்கங்களுக்குக் கீழே வட்டம் கண்ணில் படவே இல்லை.

தில்லைநாதனிடம் போய்க் கேட்டபோது வேறொன்று தெரிந்தது. அவர் வட்டத்தைப் பார்க்கத்தான் செய்திருந்தார், ஆனால் தலைகீழாக. "பச்சை எண்டா வேலை செய்யுது எண்டுதானே? பச்சை கிடந்ததால ஆரோ அனுப்புகினம் எண்டு நான் பேசாமல் இருந்தனான். நேற்று முழுக்கப் பச்சைதான். சரியான வேலைபோல எண்டு நினைச்சன்." நேற்று முழுவதும் லைன் வெறுமனே கிடந்தது.

அன்று அறைக்குப் போகிற வழியெல்லாம் அவள் அதையே யோசித்துக்கொண்டு சைக்கிள் மிதித்தாள். அவள் நினைத்த பச்சையும் அவர் நினைத்த பச்சையும் ஒன்றில்லை. நிறத்தை நம்பிப் பயனில்லை, சொல் வேண்டும். எந்தச் சொல்? கணினிப் புத்தகத்தில் இருந்த ஆங்கிலச் சொல்லை அப்படியே போட்டால் விமலேஸ்வரிக்கு விளங்கும், ஆனால் கண் அதில் நிற்காது. அடுத்த நாள் ஒவ்வொருவரிடமும் போய் ஒரே கேள்வியைக் கேட்டாள். "லைன் கிடைச்சிட்டா நீங்கள் பக்கத்தில இருக்கிற ஆளுக்கு என்னெண்டு சொல்லுவியள்?"

"லைன் கிடைச்சிட்டு எண்டு சொல்லுவன், வேற என்ன," என்றார் விமலேஸ்வரி.

"போகுது எண்டு சொல்லுவன்," என்றார் மஸாஹிர்.

தில்லைநாதன் நீண்ட காலம் கச்சேரி எனும் மாவட்டச் செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சற்று யோசித்துவிட்டு, "இணைப்பு ஏற்படுத்தப்பட்டுள்ளது," என்றார். பிறகு அவரே சிரித்தார். "அப்பிடி ஆர் கதைக்கிறது? போடாதையும்."

"லைன் ஒருத்தரிட்டையும் இல்லாட்டி?"

"சும்மா கிடக்கு" என்றார்கள் மூவரும், ஏறத்தாழ ஒரே மாதிரி.

ஆகவே இரண்டாவது பெட்டியில் இலக்கங்களும் இல்லை, வட்டமும் இல்லை. ஒரேயொரு வரி. ஆளில்லாதபோது 'லைன் சும்மா கிடக்கு.' ஆளிருந்தால் 'லைனில் விமலேஸ்வரி' அல்லது 'லைனில் மஸாஹிர்.' தமிழ் எழுத்தைப் பாமினி எழுத்துருவில் போட்டு, தூரத்திலிருந்தும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கினாள். மின்னஞ்சல் அனுப்புகிற ஆளின் பெயர் தானாகவே வந்துவிடும். தொலைபேசியில் பேசப் போகிறவர்கள் மட்டும் அதைத் தூக்குமுன் தங்கள் திரையில் 'எடுக்கிறன்' என்ற பட்டனை அமத்த வேண்டும். ரிசீவர் தூக்கியிருப்பதை அறிய மோடத்துக்கு வழியில்லை. அதை எப்படித் தீர்ப்பது என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. சிலர் அமத்தினார்கள், சிலர் மறந்தார்கள். ஆனாலும் அந்தக் கிழமை விமலேஸ்வரி தொலைபேசிப் பக்கம் போய்ப் பாதி வழியில் நின்று, திரும்பித் தன் திரையைப் பார்த்துவிட்டு, வந்து இருந்துகொண்டதை ரூபினி கண்டாள். கண்டதை ஒருவருக்கும் சொல்லாமல் பதிவு வேலையைத் தொடர்ந்தாள். ஆனால் விரல்கள் பிழை பிழையாக அடித்தன.

தில்லைநாதனும் மகிழ்ந்தார். மகிழ்ந்துகொண்டே ஒன்று கேட்டார். "என்ரை கொம்பியூட்டரில மட்டும் ஒரு கட் பட்டன் வைச்சுத் தாரும். அவசரத்துக்கு."

"அனுப்பிக்கொண்டிருக்கேக்கை அறுத்தா அவை திருப்பி முதல்லயிருந்து அனுப்ப வேணும் சேர்."

"தெரியும். அவசரத்துக்கு மட்டும்தான்."

வைத்துக் கொடுத்தாள். எழுதுவதற்கு அது சுகமான பட்டன். பொறுப்பாளரின் கணினியிலிருந்து ஒரு சொல் வரும், மோடக் கணினி லைனை வைத்துவிடும்.

சில கிழமைகள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மஸாஹிர் ஜும்ஆத் தொழுகை முடிந்து அவசரமாக வந்து கதிரையில் இருந்தார். மல்லாவிக்குக் கொண்டுபோக வேண்டிய தண்ணிப் பம்புகள் லொறியில் ஏறித் தயாராக நின்றன. அவற்றின் விவரம் அன்று அலுவலகம் பூட்டுமுன் கொழும்புக்குப் போனால்தான் அங்கே அனுமதி எடுத்துத் தருவார்கள். அனுமதி இல்லாமல் பிரமனாலங்குளம் சோதனைச்சாவடியில் இராணுவம் லொறியை விடாது. விவரத்தை எழுதி முடித்து அனுப்பத் தொடங்கப் பின்னேரமாகிவிட்டது. மின்னஞ்சல் முக்கால்வாசி போயிருக்கும். அறுந்தது.

மஸாஹிர் எழுந்தே விட்டார். "விமலேஸ்வரி, எத்தினை தரம் சொல்லுறது? பெட்டியில என்ரை பேர் இவ்வளவு பெரிசாக் கிடக்கு. கண் தெரியேல்லையே?"

"நான் எடுக்கேல்ல."

"முந்தியும் அப்பிடித்தான் சொன்னனீங்கள்."

"முந்தி எடுத்துப் பாத்தனான், ஒத்துக்கொள்ளுறன். இண்டைக்கு நான் தொடவேயில்லை." விமலேஸ்வரி எழுந்து குசினிப் பக்கம் போய்விட்டார். மஸாஹிர் திரும்ப முயன்று பார்த்தார், லைன் கிடைக்கவில்லை. கொழும்பு அலுவலகம் பூட்டுகிற நேரமாகிவிட்டது. லொறியிலிருந்து பம்புகளை இறக்கிக் களஞ்சியத்தில் வைக்கச் சொல்ல வெளியே போனார்.

ரூபினிக்கு யார் அறுத்தது என்று தெரியும். மோடக் கணினியின் திரையில் பொறுப்பாளரின் அறையிலிருந்து வந்த சொல்லை அவள் தன் கண்ணால் பார்த்திருந்தாள். அந்தப் பட்டனைச் செய்தவளும் அவள்தான். சொல்லிவிட வாய் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். சொன்னால் கோபம் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் மாறும், அவ்வளவுதான். அவளுக்கு அதைவிட வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. பெயர் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தும் அவர் ஏன் அமத்தினார்? அவர் மனம் வைத்து ஒருவரை வருத்துகிறவர் இல்லை.

அறை வாசலில் போய் நின்றாள். தில்லைநாதன் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். "சாப்பிட்டனீரே? ... ஊசி போட்டவையே? ... சரி, சரி, கனக்கக் கதைக்காதையும், களைக்கும்." அவள் ஒதுங்கி நின்று, அவர் வைத்த பிறகு உள்ளே போனாள்.

"சேர், அந்தக் கட் பட்டனை நீங்கள் எப்ப எப்ப அமத்துறனீங்கள்? குறை சொல்ல வரேல்ல. அறியிறதுக்குத்தான் கேக்கிறன்."

அவர் மேசையில் கிடந்த பேனையை எடுத்து மூடியைக் கழற்றிப் பூட்டினார். பிறகு, இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினார்.

அவருடைய மனைவி இலட்சுமி கொழும்பில் ஆஸ்பத்திரியில் இருந்தார். இருதயத்தில் சத்திர சிகிச்சை. இலட்சுமியின் தங்கை துணைக்கு நின்றார். தில்லைநாதன் ஒருமுறை இராணுவத்திடம் பாஸ் எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதற்கு மேல் லீவும் இல்லை, பாஸும் இலேசில் கிடைக்கவில்லை. வார்டில் இருக்கிற தொலைபேசியைப் பின்னேரம் சற்று நேரம் நோயாளிகளுக்குக் கொடுப்பார்கள். அந்த நேரம் போனால் அடுத்த நாள்தான்.

"இங்கை ஒருத்தருக்கும் சொல்லேல்ல," என்றார். "சொன்னா எல்லாரும் வந்து விசாரிப்பினம். எனக்கு அதுக்குப் பதில் சொல்ல ஏலாது."

"இண்டைக்கு லைனில மஸாஹிர் நானா இருந்தவர்."

"கண்டனான். அவர் என்ன அனுப்புறார், எவ்வளவு அவசரம் எண்டு உம்மட பெட்டியில இல்லைத்தானே?"

உண்மைதான். அவள் யோசித்தாள். "நீங்கள் வெளியில வந்து கேட்டிருக்கலாம் சேர்."

"கேட்டா என்ன நடக்கும்? எழும்பி நிண்டு, இல்லை சேர், நீங்கள் கதையுங்கோ எண்டு சொல்லிப்போட்டு அவரே நிப்பாட்டிப்போடுவார். அறுக்கிறதும் அதுவும் ஒண்டுதான்." சற்று நிறுத்தி, "லொறி போகேல்லையே?" என்று கேட்டார்.

"இல்லை சேர்."

அவர் பேனையை வைத்துவிட்டு யன்னலால் வெளியே பார்த்தார். முற்றத்தில் பம்புகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

சனியும் ஞாயிறும் ரூபினி தன் அறையில் கடதாசியில் பெட்டி பெட்டியாக வரைந்து பார்த்தாள். பொறுப்பாளர் கேட்டால் ஒருவரும் மறுக்கமாட்டார்கள். கேட்கிறவர் பொறுப்பாளர் என்று தெரியாவிட்டால்? அந்த யோசனை வந்ததும் எழுந்து அறைக்குள் நடந்தாள். பூசைக்குப் போய் வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மதியத்துக்குள் கட் பட்டன் போய்விட்டது. அந்த இடத்தில், நான்கு கணினிகளிலும், 'எப்ப முடியும்?' என்றொரு பட்டன் வந்திருந்தது. அதை யார் அமத்தினாலும் லைனில் இருப்பவரின் திரையில் அந்தக் கேள்வி எழும். கேட்டவரின் பெயர் வராது. லைனில் இருப்பவர் மூன்றில் ஒன்றை அமத்தலாம்: 'இப்ப முடியும்', 'கொஞ்சம் பொறுங்கோ', 'அவசரம், ஏலாது'.

விமலேஸ்வரிக்கு அது பிடிக்கவில்லை. "ஆர் கேக்கினம் எண்டு தெரியாமல் எப்பிடிப் பிள்ளை பதில் சொல்லுறது? இந்த ஊரில பேரில்லாமல் கேக்கிற கேள்விக்கு நான் வாய் திறக்கமாட்டன்."

சிரிப்பதற்காக அவர் அதைச் சொல்லவில்லை; சொன்ன பதில் யார் காதுக்குப் போகும் என்று தெரியாத யுத்த காலம். ரூபினிக்கும் அது விளங்கியது. "இதில வேற ஒண்டும் கேக்கேலாது அக்கா. இந்த ஒரு கேள்வி மட்டும்தான். எழுத இடமே வைக்கேல்ல. ஆர் கேட்டது எண்டு என்ரை கொம்பியூட்டரும் வைச்சிருக்காது."

விமலேஸ்வரி தானே அமத்திப் பார்த்து, மஸாஹிரின் திரையில் கேள்வி பெயரில்லாமல் எழுவதை எட்டிப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மஸாஹிர் பம்புகளின் விவரத்தைத் திரும்ப அனுப்பத் தொடங்கினார். பாதியில் அவருடைய திரையில் 'எப்ப முடியும்?' எழுந்தது. அவர் விமலேஸ்வரியை ஒருதரம் பார்த்தார். விமலேஸ்வரி தலை குனிந்து காசோலை எழுதிக்கொண்டிருந்தார். மஸாஹிர் திரும்பி, 'அவசரம், ஏலாது' என்பதை நன்றாக அழுத்தி அமத்தினார்.

ரூபினி தட்டச்சை நிறுத்திவிட்டு அறைக் கதவைப் பார்த்தாள். சற்று நேரத்தில் தில்லைநாதன் வெளியே வந்தார். மண்பானைக்குப் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் வார்த்துக் குடித்தார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இதற்கு முன் போகாத ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டவர்போல நின்றார்.

மஸாஹிர் பாதி எழுந்தார். "என்ன சேர், ஏதும் வேணுமே?"

"ஒண்டுமில்லை. நீர் இரும், இருந்து வேலையைப் பாரும்."

மின்னஞ்சல் முழுதாகப் போய்ச் சேர்ந்தது. 'லைன் சும்மா கிடக்கு' என்று வந்ததும் தில்லைநாதன் உள்ளே போனார். அறைக்குள் டயல் பண்ணுகிற சத்தம் கேட்டது. பிறகு பேச்சுச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பவும் டயல் பண்ணினார். அதற்குப் பிறகும் பேச்சு இல்லை. அன்று அவருக்கு மனைவியோடு பேசக் கிடைக்கவில்லை. கதவு திறந்தபடி இருந்தும் ரூபினி அந்தப் பக்கம் போகவில்லை. தன்னுடைய பெட்டி சரியாக வேலை செய்திருக்கிறது, ஆனாலும் ஒரு மனிதருக்கு அந்த நாள் வீணாகிவிட்டது என்று நினைக்க அவளுக்கு ஒருமாதிரி இருந்தது.

வியாழக்கிழமை அனுமதி வந்து லொறி புறப்பட்டது. அதை அனுப்பிவிட்டுக் கூடத்துக்குள் வந்த மஸாஹிரிடம் தில்லைநாதன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

"வெள்ளிக்கிழமை உம்மட லைனை அறுத்தது நான். விமலேஸ்வரியை நீர் பிழையாப் பேசிப்போட்டீர். செவ்வாய்க்கிழமை எப்ப முடியும் எண்டு கேட்டதும் நான்தான்."

பிறகு மனைவியின் விஷயத்தையும் சொன்னார். இரண்டு மூன்று வசனங்களில் முடித்துவிட்டார்.

மஸாஹிர் கையைப் பிசைந்தார். "அல்லாஹ். சேர், பேரோட கேட்டிருந்தா நான் உடனே விட்டிருப்பனே."

"அதுதான் பேரோட கேக்கேல்ல. அண்டைக்கு நீர் விட்டிருந்தா லொறி இண்டைக்குப் போயிருக்காது."

விமலேஸ்வரி எழுந்து போய் மின்விசிறியை மஸாஹிரின் பக்கம் சற்றுத் திருப்பினார். மஸாஹிர் எழுந்து அதை இருவருக்கும் நடுவே நிறுத்தினார். அதற்குமேல் அவர்களுக்குள் மன்னிப்பு என்று ஒன்றும் நடந்ததாக ரூபினி காணவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் பல நாள் வியந்து பார்த்தாள். பின்னேரத்தில் அந்த நேரம் வந்தால் நான்கு திரைகளிலும் 'லைன் சும்மா கிடக்கு' என்று இருக்கும். ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. விமலேஸ்வரி மின்னஞ்சலை எழுதி வைத்துக்கொண்டு காத்திருப்பார். மஸாஹிர் களஞ்சியத்துக்குப் போய்விடுவார். அறைக்குள்ளிருந்து "சாப்பிட்டனீரே?" என்று குரல் கேட்கும். இப்படியொரு நேரத்தை ஒதுக்க வேண்டுமென்றால் எத்தனை வரி எழுத வேண்டும் என்று அவள் மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். சுகமில்லாத ஒருவர் தொலைபேசிக்குப் பக்கத்தில் காத்திருக்கிறார் என்பதை எந்தப் பெட்டியில் எப்படி எழுதுவது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

மழை தொடங்குகிற காலத்தில் இலட்சுமி சுகமாகி வவுனியாவுக்கு வந்தார். ஒருநாள் கணவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர், அறைக்குப் போகாமல் நேரே ரூபினியிடம் வந்தார். மெலிந்து, கழுத்துவரை பொத்தானிட்ட சட்டையோடு, மூச்சை அளந்து அளந்து பேசினார்.

"நீர்தானே ரூபினி? இவருக்கு 'ஏலாது' எண்டு சொன்ன பெட்டி எது? ஒருக்கால் பாப்பம் எண்டு வந்தனான்."

ரூபினி கதிரை கொடுத்தாள். திரையில் அப்போது 'லைனில் தில்லைநாதன்' என்று இருந்தது. கொழும்புக்கு ஏதோ அனுப்பிக்கொண்டிருந்தார். எந்தப் பட்டன் எதற்கு என்று ரூபினி சொல்லிக் கொடுக்க, இலட்சுமி ஒவ்வொன்றையும் வாசித்துக் கேட்டார். பெயர் ஏன் வராது என்று கேட்டார். எழுத ஏன் இடமில்லை என்று கேட்டார். பதில்களைத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டு, பிறகு 'எப்ப முடியும்?' என்பதைத் தானே அமத்தினார்.

சற்றுப் பொறுத்துப் பதில் வந்தது: 'கொஞ்சம் பொறுங்கோ'.

"ஓம், இது அவர்தான்," என்றார் இலட்சுமி. "வீட்டிலயும் இதைத்தான் சொல்லுறவர்." சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். விமலேஸ்வரி அவருக்கு ரீ ஊற்றிவரக் குசினிக்குப் போனார். மஸாஹிர் தன் கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டு ஆஸ்பத்திரி விஷயம் விசாரிக்கத் தொடங்கினார்.

ரூபினி மோடக் கணினியைப் பார்த்தாள். அறைக்குள் இருந்தவருக்கு யார் கேட்டார்கள் என்று இன்னும் தெரியாது. சொல்லலாமா என்று ஒருகணம் யோசித்துவிட்டு, அவராகவே வெளியே வரட்டும் என்று பேசாமல் இருந்தாள்.